ஸ்கிப்பர் ஒரு கிளாஸ் கேட்டார்

கார் சாவி அப்படியொன்றும் பெரிய கனமில்லை. ஆனால் அன்று மதியம் அது கிளெம் பாஸ்கோவின் சட்டைப்பைக்குள் விழுந்தபோது, மூன்று டிரெய்லர் கோத்த ரோடு டிரெயினையே யாரோ மடித்து உள்ளே செருகியது போலிருந்தது.

"வர்றப்ப நான், போறப்ப நீங்க," என்றான் மருமகன் ஜாரட், திராட்சைத் தோட்ட ஒயினரியின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கிச் சோம்பல் முறித்தபடி. "ஸ்கிப்பர், கப்பல் இனி உங்க பொறுப்பு."

"கால் கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கு மாப்ளே."

"எந்தக் கால்?"

"இடது."

"கிளட்சே இல்லாத வண்டிக்கு இடது கால் எதுக்கு?"

கிளெம் சிரித்தார். சிரிப்பு அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும், நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் காபி மாதிரி. சூடும் இருக்காது, ருசியும் இருக்காது, கேட்டதும் கிடைத்துவிடும்.

வாரா வாரம் இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியும். நடுவழியில் ஏறுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை.

கிளெமுக்கு அறுபத்தாறு. கல்கூர்லியிலிருந்து வடக்கே சுரங்கங்களுக்கு ரோடு டிரெயினில் சரக்கு இழுத்தே தலை நரைத்தவர். போன மாதம் வீட்டு ஷெட்டில் நின்றிருந்தவருக்கு, ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. எங்கே என்று திரும்பிப் பார்த்தார். அடுத்து அவர் பார்த்தது ஷெட்டின் கூரையை, அதுவும் தரையில் மல்லாந்து கிடந்தபடி. நாக்கில் ரத்தம். கையிலிருந்த ஸ்பேனர் எங்கேயோ.

மனைவி நோலீன் அப்போது வீட்டில் இல்லை. தனியாகவே டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரே போடாகப் போட்டார்: "வலிப்பு. ஆறு மாசத்துக்கு நீங்க ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது." அந்த வாசனையைப் பற்றி மட்டும் கிளெம் டாக்டரிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் ஆறு மாதம் ஆயுசுக்கும் ஆகிவிடுமோ என்று பயம்.

வீட்டில் வந்து, "கொழுப்பு கொஞ்சம் கூடியிருக்காம்," என்றார்.

"நான் அப்பவே சொன்னேனே," என்றாள் நோலீன்.

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். கிளெமின் பொய்க்கு நாலு சக்கரம் இருந்தது. விடுமுறைக்குத் தெற்கே கிளம்பியதிலிருந்து, கட்டைவிரல், முதுகு, 'காட்டுப்பூ பார்க்கணும்' என்று ஏதேதோ சொல்லி அவர் ஜாரட்டையே ஓட்டவைத்துக்கொண்டு வந்தார். மார்கரெட் ரிவர் பக்கத்துக் கடலோர வாடகை வீடு வரைக்கும் அது பலித்தது.

ஒயினரி மதியச் சாப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டார்.

ஒயினரிக்குப் போகிற காரில் ஒருவர், திரும்ப வண்டி ஓட்டுவதற்காக, நாக்கைக் கட்டிக்கொண்டு வந்தாக வேண்டும். அவர்தான் ஸ்கிப்பர். மற்ற வீடுகளில் இதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள், 'போன தடவை நான்தானே' என்று பஞ்சாயத்து வைப்பார்கள். பாஸ்கோ வீட்டில் அந்தப் பேச்சே எழாது. கிளெம் குடியை விட்டுப் பதினாலு வருஷமாகிறது. அவரிருக்க வேறு ஸ்கிப்பரை யார் தேடுவார்கள்?

உணவகத்தின் மரத்தளம் குளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையிலிருந்து திராட்சை வரிசைகள் மேடேறின. கிழக்கிலிருந்து வெயிலை அள்ளி வந்து கொட்டிக்கொண்டிருந்தது காற்று. கறுப்புக் காக்கட்டூக் கிளிக் கூட்டமொன்று, துருப்பிடித்த கதவைத் திறந்து திறந்து மூடுகிற சத்தத்தோடு தலைக்கு மேலே போயிற்று.

"மழை வரும்," என்றாள் நோலீன்.

"இந்த வெயில்லயா?"

"அதுங்க இப்படிக் கத்தினா ஏதோ ஒண்ணு வரும்."

சொல்லிவிட்டு அவரையே பார்த்தாள். கிளெம் மெனு அட்டைக்குள் புகுந்துகொண்டார்.

பரிமாறுகிற பெண் ஜாரட்டுக்கும் மகள் கெரினுக்கும் நோலீனுக்கும் கிளாஸ் நிறைய வெள்ளை ஒயினை ஊற்றினாள். கிளெமுக்கு எலுமிச்சை மிதக்கும் சோடா. நாலு வயதுப் பேத்தி மேபலுக்கு ஆப்பிள் ஜூஸ், கூடவே வண்ணம் தீட்ட ஒரு கங்காரு படம். மேபல் கங்காருவுக்குப் பச்சை அடிக்கத் தொடங்கினாள்.

"இந்தப் பக்கம் டாக்சி கிடைக்குமாம்மா?" என்று கிளெம் அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்.

"டாக்சியா? டவுன்லேருந்து வரணும். நேத்தே சொல்லிவச்சிருக்கணும்." அவள் அவருடைய சோடாவைப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு டாக்சி?"

"சும்மாதான். பொது அறிவு."

"அப்பாவுக்கு டாக்சியா?" கெரின் காதில் விழுந்துவிட்டது. "டாக்சிக்காரன் பக்கத்துல உக்காந்து, 'இப்ப கியரைக் குறை, இப்ப பிரேக்கைத் தொடு'ன்னு அவன் உசிரை வாங்கவா?"

"அவன் காரை விட்டுட்டு இறங்கி ஓடிருவான்," என்றான் ஜாரட்.

எல்லோரும் சிரித்தார்கள். கிளெம்தான் அதிகம் சிரித்தார். நோலீன் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவும் செய்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளை மூளை வேறு எதை நினைக்கும்?

மேரன் வந்தது. அந்தக் குளத்திலேயே வளர்ந்தது. நண்டுக்கும் இறாலுக்கும் பங்காளி மாதிரி கறுத்த ஜந்து, விறகடுப்பில் சுட்டதும் சிவந்து தட்டில் படுத்திருந்தது. ஜாரட் இரண்டாவது கிளாஸை முடித்திருந்தான். கெரினுக்குக் கன்னம் சிவந்துவிட்டது.

"சரி, எல்லாரும் கிளாஸை எடுங்க," என்றான் ஜாரட். "எதுக்கு வந்தோமோ அதைச் செஞ்சிரலாம். கெரினோட புது வேலைக்கு."

கெரின் கிளாஸை உயர்த்தினாள். ஆனால் தன் அப்பாவைத்தான் பார்த்தாள்.

"எனக்கில்ல. அப்பாவுக்கு," என்றாள். "அந்த ஆய்வகத்துல விடிகாலை ஷிஃப்டுன்னு சொன்னதும் நான் முடியாதுன்னு சொல்லத்தான் இருந்தேன். ஜாரட் ரெண்டு வாரம் சுரங்கத்துலயே கிடப்பான். மேபலை யாரு பாலர் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போறது, யாரு கூட்டிட்டு வர்றது? நீ போன்ல ஒரே வார்த்தை சொன்ன. ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"'நான் எதுக்கு இருக்கேன்'ன்னு."

ஷெட்டில் விழுந்ததற்கு முந்தின வாரம் சொன்ன வார்த்தை அது. கெரின் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அடுத்த திங்கள் வேலையில் சேர வேண்டும்.

"தாத்தா கார்ல நான் முன்னாடி உக்காருவேன்," என்றாள் மேபல்.

"பின்னாடிதான். பெல்ட் போட்டு," என்றாள் கெரின்.

"தாத்தாவும் பெல்ட் போடுவாரா?"

"தாத்தாவை நாலு பெல்ட் போட்டுக் கட்டணும்," என்றார் கிளெம். குரல் கொஞ்சம் உடைந்ததை இருமலாக மாற்றிக்கொண்டார்.

எல்லோரும் கிளாஸைத் தட்டினார்கள். நோலீன் மட்டும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து மேபலின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வந்தது. ஏதோ கருகுகிற வாசனை.

கிளெமின் கை சோடா கிளாஸ் மேலேயே நின்றுவிட்டது. மூச்சை அடக்கினார். மெல்ல விட்டார். மெல்ல இழுத்தார். திரும்பிப் பார்த்தார். சமையற்கட்டுப் புகைபோக்கி நல்ல மரப்புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. காற்று அதை மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. ஜாரட்கூட மூக்கைத் தேய்த்தான்.

விறகடுப்பு. வெறும் விறகடுப்பு.

இது விறகடுப்பு. அடுத்தது? அந்த வளைவுச் சாலையில், இரு பக்கமும் காரி மரங்கள் சுவர் மாதிரி நிற்கிற இடத்தில், பின்னால் இந்தப் பச்சைக் கங்காருவைப் பிடித்துக்கொண்டு குழந்தை உட்கார்ந்திருக்கும்போது வந்தால்?

"சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருந்தா என்ன?" என்றார். "நல்ல நிழல். ஜாரட்டுக்கும் தெளிஞ்சிரும்."

"கடை நாலு மணிக்கு மூடிருவாங்க. அப்புறம் இருட்டுற நேரத்துல கங்காரு குறுக்க பாயும்," என்றாள் கெரின். "இருட்டுறப்ப ஓட்டாதேன்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீதானே."

வழியெல்லாம் அடைத்தாயிற்று. ஒன்றே ஒன்றைத் தவிர.

உண்மையைச் சொல்லலாம். நாலே வார்த்தை. 'எனக்கு வலிப்பு, நான் ஓட்டக்கூடாது.' ரோடு டிரெயினில் கொதிக்கும் பாலைவனத்தைக் கடந்தவர், வெள்ளத்தில் மூன்று நாள் வண்டி மேலேயே குடியிருந்தவர், அந்த நாலு வார்த்தையைக் கடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். சொன்ன நொடியில் மகளின் முகம் எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியும். முதலில் அப்பாவுக்காகப் பயப்படுவாள். பிறகு வேலையை விடுவாள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவரை ஒரு கிழவனாகப் பார்ப்பாள்.

இன்னொரு வழி இருந்தது. ஸ்கிப்பர் குடித்துவிட்டால் ஸ்கிப்பர் ஓட்ட முடியாது.

இப்படியொரு அபாரமான யோசனை கிளெமுக்கு மட்டும்தான் வரும். கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனை.

பரிமாறுகிற பெண் வந்தாள். "வேற ஏதாவது?"

"எனக்கு ஒரு கிளாஸ் சிவப்பு," என்றார் கிளெம். "எதுவா இருந்தாலும் சரி."

மேபலின் பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"விளையாடறீங்க," என்றான் ஜாரட்.

"இல்ல மாப்ளே. விடுமுறைதானே. ஒரு கிளாஸ்."

கெரினின் முகத்தில் முப்பத்தாறு வயது உதிர்ந்துபோய்ப் பன்னிரண்டு வயது வந்து உட்கார்ந்தது. கிளெமுக்கு அந்த முகத்தைத் தெரியும். பப் வாசலில், கார் கண்ணாடிக்குப் பின்னால், அப்பா எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்த முகம்.

ஒயின் வந்தது. கிளெம் கிளாஸைக் கையில் எடுத்தார். கை நடுங்கிற்று. குடிக்கிற ஆசையில் நடுங்குகிறது என்று மகள் நினைத்திருப்பாள்.

உதட்டருகே போவதற்குள் கெரின் எழுந்து அதைப் பிடுங்கினாள். வேலிக்கு வெளியே கையை நீட்டி, மொத்தத்தையும் குளத்தில் கொட்டினாள். தண்ணீரில் ஒரு சிவப்பு நூல் நெளிந்து மறைந்தது.

"எப்பலேருந்து?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குத் தேவலை.

"கெரின்..."

"எப்பலேருந்துப்பா மறுபடி? இந்த ஒரு மாசமா நீ நீயாவே இல்ல. ஓட்டுன்னா கால் வலி, முதுகு வலி. நானும் என்னமோ ஏதோன்னு பார்த்துட்டே இருந்தேன். இதுதானா?"

"ஒரு சொட்டு தொடலைம்மா."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

பார்த்தார். "பதினாலு வருஷமா ஒரு சொட்டு தொடலை."

அது சத்தியம். அவரிடம் மிச்சமிருந்த ஒரே சத்தியமும் அதுதான். கெரின் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவள் தோள் மெல்லத் தளர்ந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

"சரி. நம்புறேன்," என்றாள். "யாருக்குத்தான் சபலம் வராது. நல்லவேளை, நான் பக்கத்துல இருந்தேன். நீயே ஓட்டுப்பா. இப்ப நீ ஓட்டலைன்னா, நான் உன்னை நம்பலைன்னு ஆயிரும். எனக்கு அது வேணாம்."

கிளெம் தோண்டிய பள்ளத்தில் கிளெமே விழுந்தார். மேலே நின்று அன்பாக மண் தள்ளினாள் மகள்.

காரில் எப்போதும் நோலீன் பின்னால்தான் உட்காருவாள், பேத்தி பக்கத்தில். அன்று முன்கதவைத் திறந்து, "நான் இங்க உக்காந்துக்கறேன்," என்றாள். ஜாரட் மறுபேச்சில்லாமல் பின்னால் ஏறினான். கெரின் மேபலுக்கு பெல்ட் மாட்டினாள். அது மாட்டிக்கொண்ட சத்தம், பூட்டு விழுகிற சத்தம் போல் கிளெம் காதில் விழுந்தது.

சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமிற்று. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, குளிர்காற்று ஓடிற்று.

நோலீனின் கை மெல்ல நகர்ந்துவந்து ஹேண்ட் பிரேக்கின் மேல் உட்கார்ந்தது. அன்பு காட்டுகிறாள் என்று நினைத்தார் அவர். அன்பு காட்ட ஹேண்ட் பிரேக்கை எதற்கு அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"தாத்தா, போலாம்!"

பின்பார்க்கும் கண்ணாடியில் மேபல் பச்சைக் கங்காருவை ஆட்டினாள்.

அப்போது வந்தது. இந்தத் தடவை மரப்புகை இல்லை. ரப்பர். மெல்ல, மிக மெல்ல, தொண்டைக்குள்ளிருந்தே கருகி மேலே வருகிற ரப்பர். சமையற்கட்டு தூரத்தில் இருந்தது. கண்ணாடிகள் மூடியிருந்தன.

கிளெம் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். இறங்கினார். குளத்தங்கரை வரைக்கும், யாரோ இழுத்துக்கொண்டு போகிற மாதிரி நேராக நடந்தார். பலங்கொண்ட மட்டும் வீசினார். சாவி வெயிலில் ஒருமுறை மின்னி, நடுக்குளத்தில் 'ப்ளக்' என்று விழுந்தது. வாத்துகள் அலறி எழும்பின.

இனி அந்தக் காரை மேரன்கள்தான் ஓட்ட வேண்டும்.

"கிளெம்! பைத்தியமா உங்களுக்கு?" ஜாரட்டின் கத்தல்.

"அப்பா!" கெரின் மேபலைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது கேட்டது. "என்னப்பா பண்ணிட்டே? என்ன ஆச்சு உனக்கு?"

அவளுக்கு முன்னால் நோலீன் வந்துவிட்டாள்.

"லூசு மனுஷா," என்றாள். "அதை என் கையில குடுத்திருந்தா நான் ஓட்டிட்டுப் போயிருப்பேனே."

"நீ குடிச்சிருக்கே."

"என் கிளாஸைப் பார்த்தியா நீ?"

இப்போதுதான் நினைவு வந்தது. அவர்கள் எழுந்து வந்த மேசையில் ஒரு கிளாஸ் மட்டும் ஊற்றியபடியே, விளிம்பு குறையாமல் நின்றிருந்தது.

"ஒயின் ஊத்தினப்ப நீ சொல்லுவேன்னு பார்த்தேன். மேரன் வந்தப்ப சொல்லுவேன்னு பார்த்தேன். கார்ல ஏறுறப்பவாவது சொல்லுவேன்னு பிரேக்கைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன்." அவள் குரல் ஒரு நொடி தளும்பி, உடனே நிமிர்ந்துகொண்டது. அவர் இரண்டு கன்னங்களையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாரு கிளெம். அந்தக் கருகின வாசனை இப்ப வருதா?"

வந்தது. நிறையவே வந்தது. ஆனால் கிளெமைக் கட்டிப்போட்டது வாசனையில்லை.

அந்த வாசனையைப் பற்றி அவர் எவரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட.

"நோலீன்..." நாக்கு தடித்துப்போயிருந்தது. "உனக்கு எப்படி... இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

"தூக்கத்துல வர்றப்பெல்லாம் நீயே சொல்லுவே," என்றாள். தோளில் கிடந்த கார்டிகனைச் சுருட்டிப் புல்லில் வைத்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டாள். சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தாள். தோளைத் தாங்கி, இடப்பக்கமாக, தலை சரியாகக் கார்டிகனில் படும்படி மெல்லச் சாய்த்தாள்.

"கெரின், குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கோ," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

வானத்தில் கறுப்புக் காக்கட்டூக்கள் மறுபடி கத்தின. கிளெமுக்கு வெளிச்சம் ஓரங்களில் சுருங்கத் தொடங்கியது. கடைசியாக அவர் பார்த்தது மனைவியின் கைகளை. அவை கொஞ்சமும் நடுங்கவில்லை. முதல் தடவை செய்கிற கைகள் அப்படி இருக்காது.